கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம்

கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கி வெளியே வருபவர் அங்கே கோட்டை எதனையும் காணமாட்டார். நிலையத்தின் முன்னே ஒல்கொட் மாவத்தை செல்கின்றது. அம்மாவத்தைக்கு அப்பால், துணிக்கடைகளும் மளிகைக் கடைகளும் நிறைந்த தெருக்கள் நெருக்கமாக நீள்கின்றன. முகப்பிலே நிற்பது பௌத்த கல்விக்குத் தொண்டாற்றிய கேர்ணல் ஒல்கொட்டின் சிலை. பெயரளவில் இது கோட்டை நிலையம், நிற்குமிடமோ புறக்கோட்டை.

இப்பெயர்ப் பொருத்தமின்மைக்குக் காரணம் உண்டு. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1656 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1796 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. மதிலுக்கு உள்ளே ஆட்சியாளரும் படையினரும் இருந்தனர். வெளியே வணிகரும் கைவினைஞரும் குடியிருந்த பகுதியைத் தமிழர் புறக்கோட்டை என்றனர். ஆங்கிலேயர் அதற்கு வழங்கிய 'பெற்றா' என்னும் பெயரும் நமது 'பேட்டை' என்னும் சொல்லின் திரிபேயாகும். 1869 ஆம் ஆண்டு தொடக்கம் மதில்கள் இடிக்கப்பட்டன. மதில் மறைந்தது, கோட்டை என்னும் பெயர் மட்டும் நின்றது. வங்கிகளும் கப்பற் கம்பனிகளும் அரசாங்கக் கந்தோர்களும் அப்பகுதியிலேயே இருந்தபடியால், அவற்றை நாடி வருவோர்க்கென எழுந்த நிலையத்துக்கும் அதுவே பெயராயிற்று.

ஒரு நிலையத்தின் பெருமை எதில் இருக்கின்றது? கட்டடத்தின் உயரத்திலும் மேடைகளின் நீளத்திலும் இருக்கின்றதெனப் பலர் கருதுவர். அங்கே சீட்டு வழங்கும் சாளரத்தின் முன் நிற்பவர் எத்தனை ஊர்களின் பெயரைச் சொல்லிச் சீட்டுப் பெறலாம் என்பதே மெய்யான அளவுகோலாகும். கோட்டை நிலையத்தின் வரலாற்றை இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கும்போது, இலங்கையின் ஒன்றரை நூற்றாண்டுக் கதையும் அதனுள் அடங்கக் காணலாம்.

இந்நாட்டிற் புகையிரதம் பிரயாணிகளுக்காகத் தோன்றியதன்று, கோப்பிக்காகத் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி மலைச்சாரலில் விளைந்த கோப்பி, மாட்டு வண்டிகளிலேயே கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. மழைக்காலத்திற் பாதை சேறாகும். மாடுகள் நோயுற்று மடியும். மூடைகள் வழியிற் கிடக்கும். இந்நிலைக்குப் பரிகாரம் தேடிய தோட்ட முதலாளிமார் இருப்புப் பாதை வேண்டுமென வற்புறுத்தினர். 1845 இல் இலங்கைப் புகையிரதக் கம்பனி அமைக்கப்பட்டது. 1858 ஆகஸ்ட் 3 ஆந் திகதி தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதன் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். ஆயினும், கம்பனியாரின் மதிப்பீட்டைச் செலவு வெகுவாக மீறியமையால் 1861 இல் அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்தது. அன்றுதொட்டு இலங்கையின் புகையிரதம் அரசாங்கத்தின் கையிலேயே உள்ளது.

1864 டிசம்பர் 27 ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை, ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தூரம், முதற் புகைவண்டி ஓடியது. மறுவருடம் ஒக்டோபரிற் பொதுமக்கள் சேவை ஆரம்பமாயிற்று. 1867 இல் பாதை கடுகண்ணாவை மலையேறிக் கண்டியை அடைந்தது. அப்போது கோட்டை நிலையம் இல்லை. மருதானைப் பக்கத்திலிருந்த பழைய முடிவிட நிலையமே தலைநகரின் நிலையமாயிருந்தது. மலையிலிருந்து வந்த கோப்பியை இறக்குவதற்கு அது போதுமானதாயிருந்தது.

இந்நிலை மாறுவதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது, துறைமுகம். அதுவரை பெருங்கப்பல்கள் விரும்பித் தங்கியது காலித் துறைமுகத்திலாகும். கொழும்பிலே அலைதடுப்புச் சுவர் கட்டும் வேலை 1875 இல் தொடங்கி, தென்மேற்குச் சுவர் 1885 இல் நிறைவெய்தியதும் கப்பல்கள் கொழும்பை நாடின. துறைமுகத்தையடுத்த கோட்டைப் பகுதி வாணிகத்தின் நடுவிடமாயிற்று. இரண்டாவது, தேயிலை. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தில் எழுந்த தேயிலைத் தோட்டங்கள் மேலும் உயரமான மலைகளை நாடிச் சென்றன. இருப்புப் பாதையும் அவற்றைத் தொடர்ந்தது. மூன்றாவது, கரையோரப் பாதை. அது 1877 இல் பாணந்துறையையும், 1879 இல் களுத்துறையையும், 1894 இல் காலியையும், 1895 இல் மாத்தறையையும் அடைந்தது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் மொறட்டுவையிலும் குடியிருந்துகொண்டு, நாள்தோறும் கோட்டைக் கந்தோர்களுக்கு வந்துபோகும் புதிய வாழ்க்கை முறையை உருவாக்கியது இப்பாதையே.

மருதானையில் இன்று நாம் காணும் நிலையம் 1908 இல் திறக்கப்பட்டது. எனினும், கந்தோருக்குச் செல்பவர் கோட்டையையே நாடினர். 1917 இல் கோட்டை நிலையம் திறக்கப்பட்டது. மருதானைக்கும் கோட்டைக்கும் இடையிலுள்ள தூரம் நடந்தே செல்லக்கூடிய அளவினது. இவ்வளவு அருகருகே இரு பெருநிலையங்கள் எதற்கு என வெளியூரார் வியப்பதுண்டு. ஒன்று மலைப்பாதையும் பணிமனைகளும் சந்திக்கும் இடம்; மற்றது மக்கள் போய்ச்சேர விரும்பும் இடம். இரண்டும் ஒன்றின் வேலையை மற்றது பகிர்ந்துகொள்ளும் சகோதரர்களைப் போன்றவை.

கோட்டை நிலையத்தின் அமைப்பில் அறியத்தக்க இயல்பொன்று உண்டு. பல நாடுகளின் தலைநகர நிலையங்களிற் பாதை ஒரு சுவரோடு முட்டி நின்றுவிடும். வந்த வண்டி வந்த வழியே திரும்ப வேண்டும். கோட்டையோ ஊடு செல்லும் நிலையம். கிழக்கே மருதானையினூடாக மலைநாட்டுக்கும் வடக்குக்கும் பாதைகள் செல்கின்றன. மறுபுறத்திற் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி வழியாகக் கடலோரத்தைத் தழுவித் தென்னிலங்கைக்குப் பாதை செல்கின்றது. ஆதலால் இது பாதைகள் முடியும் இடமன்று, ஒன்றோடொன்று பிணையும் இடமாகும். நிலையங்களின் தூரம் கோட்டையிலிருந்தே கணக்கிடப்படுகின்றது என்பதும் குறிப்பிடத்தக்கது.

நிலையம் திறக்கப்பட்ட வேளையில் வடபகுதிப் பாதை ஏற்கெனவே நிறைவெய்தியிருந்தது. 1902 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டினுள் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1905 இல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடர்ச்சியான பாதை அமைந்தது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தார் கொழும்புக்கு வருவதாயின் கடல்வழியே கப்பலில் வரவேண்டும். அன்றி, வன்னிக் காட்டினூடாக வண்டி கட்டிக்கொண்டு பல நாட்கள் செல்ல வேண்டும். பாதை அமைந்தபின் அப்பயணம் ஒரு நாளுக்குள் அடங்கிற்று. எழுதுவினைஞர், ஆசிரியர், கடைக்காரர் எனத் தலைநகருக்கு வந்து உழைத்து, தவணை விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்பும் வாழ்வொன்று இப்பாதையின் மீதே கட்டப்பட்டது.

மலைநாட்டுப் பாதை 1885 இல் நானுஓயாவையும் 1894 இல் பண்டாரவளையையும் கடந்து, 1924 இல் பதுளையில் முடிவுற்றது. பட்டிப்பொலைக்கும் ஓகியாவுக்கும் இடையில் அது கடல்மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்தை எட்டுகின்றது. கிழக்கே மட்டக்களப்பையும் திருகோணமலையையும் நோக்கிய பாதைகள் 1920 களின் பிற்பகுதியில் நிறைவெய்தின. புத்தளம் பாதையும் அக்காலத்ததே. களனிப் பள்ளத்தாக்குப் பாதை தண்டவாளங்களுக்கு இடைவெளி குறைந்த சிறு பாதையாகப் போடப்பட்டு, 1990 களிலேயே அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இவ்வாறு 1930 அளவில், கோட்டையிற் சீட்டுப் பெற்ற ஒருவர் இலங்கையின் எந்தத் திசைக்கும் செல்லக்கூடியவரானார்.

கடலுக்கு அப்பாலும் சீட்டு வழங்கப்பட்டது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், மன்னார்த் தீவின் தலைமன்னாருக்கும் தமிழகத்தின் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. கொழும்பில் மாலையில் வண்டியேறியவர் மதவாச்சி வழியாகத் தலைமன்னார்த் துறைக்குச் சென்று, கப்பல் மாறி, அக்கரையிற் காத்திருக்கும் வண்டியிற் சென்னைக்குப் பயணமாவார். இதனையே மக்கள் 'போட் மெயில்' என்றழைத்தனர். இலங்கைத் தண்டவாளத்தின் இடைவெளி 5 அடி 6 அங்குலம். அக்கரையிலிருந்த பாதையோ ஒரு மீற்றர் இடைவெளி கொண்டது. எனவே பெட்டிகள் கடலைக் கடக்கவில்லை. மனிதரும் தபாலும் பொதிகளுமே கடந்தனர். வணிகரும் யாத்திரிகரும் நாடகக் குழுவினரும் இவ்வழியே வந்துபோயினர். முன்னர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்து, வழியிற் பசியாலும் நோயாலும் பலரைப் பறிகொடுத்த தோட்டத் தொழிலாளருக்கும் இதுவே பாதையாயிற்று.

ஒரு வண்டி கோட்டையிலிருந்து புறப்படுவதற்குள் நடைபெறும் வேலைகளைப் பிரயாணிகள் அறிவது அரிது. பெட்டிகள் பணிமுற்றத்திற் கழுவித் துப்புரவாக்கப்பட்டு, சக்கரங்களும் தடைக்கருவிகளும் சோதிக்கப்பட்டபின் மேடைக்குக் கொணரப்படும். எஞ்சின் தெமட்டகொடைக் கொட்டிலிலிருந்து வரும். பெரிய பழுதுகளைத் திருத்துவது இரத்மலானைத் தொழிற்சாலையின் கடமை. கோட்டைக்கும் மருதானைக்கும் இடையிற் பாதைகள் பலவாகப் பிரிந்தும் கூடியும் செல்வதால், ஒரு வண்டிக்கு வழிவிடுவதாயின் வேறு சிலவற்றை நிறுத்தவேண்டியிருக்கும். தொலைவில் ஒரு வண்டி பத்து நிமிடம் தாமதித்தால், அத்தாமதம் இங்கே பல வண்டிகளுக்குப் பங்கிடப்பட்டுவிடும். மேடையில் நின்று சலித்துக்கொள்பவர் இதனைச் சிந்தித்தால், சமிக்ஞைப் பணியாளர்மீது சிறிதேனும் இரக்கங் கொள்வர்.

ஒற்றைப் பாதையிற் செல்லும் வண்டிக்கு வேறொரு காவலும் உண்டு. இரு நிலையங்களுக்கு இடையிலுள்ள பாதைக்கு ஒரு நேரத்தில் ஓர் உலோகத் தகடு மாத்திரமே கருவியிலிருந்து வெளிவரும். அதனை வளையத்தோடு கூடிய தோற்பையில் இட்டு நிலையத்தார் சாரதியிடம் நீட்டுவர். அத்தகடு கையில் இல்லாத சாரதி அப்பாதையில் நுழையலாகாது. எதிரெதிரே இரு வண்டிகள் வந்து மோதாதிருக்க, ஒரு பழைய தலைமுறை கண்டுபிடித்த எளிய உபாயம் இது.

நிலையத்தின் சேவைகளுட் சீட்டு வழங்குதல் முதன்மையானது. தடித்த அட்டையில் அச்சிட்டு, திகதி குத்தி வழங்கிய சிறு சீட்டுகளைப் பல தலைமுறையினர் கையில் வைத்திருந்தனர்; இணையவழி ஆசனப்பதிவு வந்தது அண்மைக் காலத்திலாகும். நாள்தோறும் வருவோர்க்குப் பருவச்சீட்டும், அரசாங்க ஊழியர்க்கு ஆணைச்சீட்டும் உண்டு. காலையில் பாணந்துறை, றம்புக்கணை, நீர்கொழும்பு, அவிசாவளை முதலிய திசைகளிலிருந்து வரும் கந்தோர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மக்களை இறக்குகின்றன. மாலையில் அதே வெள்ளம் திரும்பிப் பாய்கின்றது. தூர ஊர்களுக்கு முன்பதிவு ஆசனங்களும், இரவு வண்டிகளிற் படுக்கை வசதியும் ஏற்பட்டன. பொதிகள் அனுப்பும் பகுதி சிறு வணிகர்க்குப் பெருந்துணை புரிந்தது. இரவுத் தபால் வண்டியில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் அஞ்சலகமும் இயங்கியது. கொழும்பிலிருக்கும் மகன் மாலையில் இட்ட கடிதம் மறுநாள் ஊரில் தாயின் கையை அடைந்தமைக்கு, உறங்காது உழைத்த அப்பணியாளரே காரணராவர்.

1950 களில் நிலையத்துக்குப் புதிய பொலிவு உண்டாயிற்று. நிலக்கரிப் புகை படிப்படியாகக் குறைந்து டீசல் எஞ்சின்கள் வந்தன. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா வழங்கிய எஞ்சின்கள் 1954 இல் ஓடத் தொடங்கின. அவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. 1955 இல் பொது முகாமையாளர் பதவியேற்ற பி. டி. ரம்பாலா, கடுகதி வண்டிகளுக்கு எண் மட்டும் போதாதென எண்ணிப் பெயர்கள் வைத்தார். 1956 ஏப்பிரலில் யாழ்தேவி வடக்கே புறப்பட்டது. உடரட்ட மெனிக்கே மலைநாட்டுக்கும் ருகுணு குமாரி தென்னிலங்கைக்கும் ஓடின. மட்டக்களப்புக்கு உதயதேவி என்னும் பெயருடன் வண்டி சென்றது. எண்ணாயிருந்தது பெயரானதும், வண்டி மக்களின் உறவினர் போலாயிற்று. யாழ்தேவி வந்துவிட்டதா என்று கேட்டவர் குரலில், வீட்டார் ஒருவரை விசாரிக்கும் பரிவு இருந்தது.

எனினும் பாதை என்பது ஒருமுறை போட்டால் என்றும் நிலைப்பதன்று. 1964 டிசம்பர் 22 ஆந் திகதி இரவு எழுந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையக மக்களுட் பெருந்தொகையினர் கடல் கடந்தது அத்துறையிலேதான். பிள்ளைகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் அவர்கள் பெற்ற சீட்டு, திரும்பி வருவதற்கான சீட்டன்று. 1980 களின் நடுப்பகுதியில் அக்கப்பலும் நின்றது. கோட்டை நிலையத்திற் சென்னை என்னும் பெயர் சொல்லிச் சீட்டுப் பெற்ற காலம் முடிவுற்றது.

1990 ஜூன் மாதத்தில் உள்நாட்டுப் போர் காரணமாக யாழ்ப்பாணத்துக்கான சேவை அறுபட்டது. யாழ்தேவி என்னும் பெயரோடு வண்டி தொடர்ந்து கோட்டையிலிருந்து புறப்பட்டது; ஆனால் அது வவுனியாவுக்கு அப்பாற் செல்லவில்லை. பெயரிலுள்ள ஊரை அடையாத வண்டியாக அது பல ஆண்டுகள் ஓடியது. வடக்கே தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு, அணை மட்டும் புல்மூடிக் கிடந்தது. போரின் துயரம் கோட்டை நிலையத்தையும் விட்டுவைக்கவில்லை. 2008 பெப்ரவரி 3 ஆந் திகதி மேடையில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில், பாடசாலை மாணவர் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

இயற்கையின் சீற்றமும் இடையில் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி காலை கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் புறப்பட்ட வண்டியைப் பெரலியாவில் ஆழிப்பேரலை புரட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றில் இதனினும் பெரிய உயிரிழப்பு நிகழ்ந்ததில்லை எனக் கருதப்படுகின்றது. ஆயினும் புகையிரதத் தொழிலாளர் இரவு பகலாகப் பாடுபட்டு, இரண்டு மாதங்களளவில் அப்பாதையை மீண்டும் திறந்தனர். அவ்வளவு விரைவாக மக்களின் நம்பிக்கையை மீட்ட பணி வேறு பல இல்லை.

வடக்கின் பாதை மீள்வதற்கு அதனிலும் நெடுங்காலம் சென்றது. போர் 2009 இல் முடிவுற்றபின், இந்தியாவின் கடனுதவியோடு பாதை மீளமைக்கப்பட்டது. 2013 செப்ரெம்பரில் வண்டி கிளிநொச்சியை எட்டியது. 2014 ஒக்டோபர் 13 ஆந் திகதி யாழ்ப்பாணம் சேர்ந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையைக் கண்டது. அவ்வாண்டு மார்ச்சில் தலைமன்னார்த் துறைக்கும் வண்டி திரும்பியது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் யாழ்ப்பாணம் என்று சொல்லிச் சீட்டுக் கேட்டவருக்கு, சாளரத்துக்கு அப்பாலிருந்து சீட்டு நீட்டப்பட்டது. அந்த இடைவெளியிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுட் பலர் புகைவண்டியைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். தெற்கிலும் பாதை வளர்ந்தது. 2019 இல் அது மாத்தறையைக் கடந்து பெலியத்தை வரை நீண்டது.

மீண்டும் ஒரு சோதனை 2025 நவம்பர் இறுதியில் வந்தது. டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையாலும் மண்சரிவாலும் புகையிரதப் பாதைகள், சிறப்பாக மலைநாட்டுப் பாதை, பல இடங்களிற் சிதைவுற்றன. அணை சரிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய காட்சிகளை மக்கள் கண்டனர். தோட்டப்புறத்து ஊர்கள் சிலவற்றுக்குப் புகைவண்டியே சாலையும் சந்தையும் வைத்தியசாலைக்கான வழியுமாகும். அங்கே ஒரு நிலையம் மூடப்படுவது, கொழும்பிலிருப்போர் உணர்வதைக் காட்டிலும் பெரிய இழப்பாகும்.

புகையிரதப் பாதையை வருமானக் கணக்கினால் மட்டும் அளக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. இந்தச் சிறிய நிலையத்தில் எத்தனை சீட்டு விற்பனையாகின்றது, இந்தக் கிளைப் பாதை எவ்வளவு நட்டம் தருகின்றது என்பன நியாயமான வினாக்களே. ஆனால் அறுபட்ட பாதை என்ன விலை கொள்ளும் என்பதை இலங்கை மக்கள் பலமுறை அனுபவித்து அறிந்துள்ளனர். ஒரு பாதை அறுபடும்போது அதன் கடைசியிலுள்ள ஊர் மட்டும் தனிப்படுவதில்லை. தலைநகரும் தன் ஊர்களுள் ஒன்றை இழக்கின்றது.

கோட்டை நிலையத்தின் பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. அதன் மேடைகளில் மாத்தறை மீனவரும் பதுளைத் தோட்டத் தொழிலாளியும் யாழ்ப்பாணத்து மாணவரும் மட்டக்களப்பு வணிகரும் ஒரே வாங்கில் அமர்ந்து வண்டிக்குக் காத்திருப்பர். ஒருவர் மொழியை மற்றவர் முழுதும் அறியாதிருக்கலாம். ஆயினும், எந்த மேடைக்கு எந்த வண்டி வரும் என்பதை ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லிக்கொள்வர். மதில்களை இடித்த இடத்துக்கு அருகே எழுந்த இந்நிலையம், கோட்டை என்னும் பெயரைத் தாங்கினாலும் கோட்டையின் வேலையைச் செய்வதில்லை. கோட்டை உள்ளே விடாது தடுக்கக் கட்டப்படுவது. நிலையம் வருவோரை ஏற்று, அவரவர் ஊருக்கு அனுப்பக் கட்டப்படுவது. அதன் சாளரங்களில் எல்லா ஊர்களுக்கும் சீட்டு வழங்கப்படவேண்டும் என்பதிற் புகையிரதத் திணைக்களத்துக்கு மட்டுமன்றி, நாட்டு மக்கள் அனைவர்க்கும் கடமை உண்டு.